இமை ஆறியது, கண் ஆறவில்லை

ரந்தாவ் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து செனவாங் தொழிற்சாலைகளுக்குப் பெண்களை ஏற்றிப் போகும் வேன் புஷ்பவள்ளியுடையது. ஓட்டுவதும் அவளே. வயது ஐம்பதை நெருங்குகிறது. வீட்டில் சும்மா உட்காரத் தெரியாதவள்.

வலது இமையில் வந்த சின்னக் கொப்புளத்தைச் சொறிந்துவிட்டாள். மறுநாள் இமை வீங்கிக் கண்ணையே மூடிக்கொண்டது. தோலில் கிருமி என்று கிளினிக்கில் மாத்திரையும் களிம்பும் கொடுத்தார்கள். வீக்கம் வடிந்தது, பொருக்கும் உதிர்ந்தது. கண்ணின் சிவப்பு மட்டும் போகவில்லை. வெளிச்சம் பட்டால் உள்ளே குத்தியது. ஒட்டிக்கொள்ளுமோ என்று பெண்கள் முன் சீட்டைக் காலியாக விட்டார்கள். மறுபடி போய்ச் சொட்டு மருந்து வாங்கினாள். கொஞ்சம் தெளிந்ததும் தானாகவே நிறுத்திவிட்டாள்.

பிற்பகல் ஷிப்டுக்குப் போன ஒரு நாள், செம்பனைத் தோட்டத்து நிழலை விட்டு வேன் வெளியே வந்ததும் வெயில் முகத்தில் அறைந்தது. வலது கண் இறுக மூடிக்கொண்டது. இடது கண்ணிலும் நீர் கொட்டியது. எதிரே செம்பனைக் குலை ஏற்றிய லாரி. எப்படியோ ஓரங்கட்டி நிறுத்தினாள். முன்னே போகவும் வழியில்லை, திரும்பவும் வழியில்லை. இன்னொரு வேன்காரனான தர்மேந்திரனுக்குப் போன் செய்தாள்.

"தம்பி, நீ வந்து எடுத்துட்டுப் போ லா. எனக்கு ரோடு தெரியல."

இமைக் கிருமி போய்விட்டது, அழற்சி கண்ணுக்குள் தங்கிவிட்டது என்றார் சிரம்பான் கண் டாக்டர். யாருக்கும் ஒட்டாதாம். மருந்தை மெல்ல மெல்லத்தான் குறைக்க வேண்டும், அதுவரை ஓட்டக்கூடாது. எதுவரை என்று கேட்டதற்கு, பார்க்கலாம் என்றார். அதுவரை அவள் வேனைத் தர்மேந்திரனே ஓட்டுவதாக ஏற்பாடு.

கணவர் முருகையா ஜன்னல்களில் கைலியைக் கட்டித் தொங்கவிட்டார். சொட்டு விட்டால் டிவியும் மங்கல், போனும் மங்கல். அந்த அரையிருட்டில் கட்டிலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தாள். மதியம் தன் வேன் வாசலைக் கடக்கும் சத்தம் கேட்டால், கிளட்சைத் தேய்க்கிறான் என்று முருகையாவிடம் எரிந்து விழுந்தாள். அவர் வேலைக்குப் போன பிறகு அழுதாள். அழுதால் கண் இன்னும் எரிந்தது.

பொறுக்க முடியாமல் ஒரு நாள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசலில் நின்று கை காட்டினாள். தர்மேந்திரன் நிறுத்தி, எங்கே போக வேண்டும் என்று கேட்டான்.

"எங்கயும் இல்ல. செனவாங் போயிட்டுத் திரும்பி வரேன். நீ ஓட்டு."

பின்சீட்டில் ஒருத்தி நகர்ந்து இடம் விட்டாள். வழி நெடுக வளைவுகளில் புஷ்பவள்ளியின் கால் பிரேக்கைத் தேடியது. திரும்பி வந்து வேன் நின்ற பிறகும் அவள் உடனே இறங்கவில்லை.

இப்போது சிவப்பு குறைந்திருக்கிறது, சொட்டும் குறைந்திருக்கிறது. வேன் சாவி இன்னும் தர்மேந்திரனிடம்தான்.