காலி டம்ளர்

துணி ஃபேக்டரி வாசலில் வேலை முடிந்து வெளியே வரும் பெண்களின் பையையும் டிபன் பாக்ஸையும் சோதிப்பதுதான் அவள் உத்தியோகம். யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, எல்லோருக்கும் அவள் 'செக்கிங் அக்கா'. அவள் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஒரு பட்டன்கூட வெளியே போனதில்லை. அந்தப் புத்தியை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் தேவலை. எங்கே! காய்கறிக்காரரின் தராசு, புருஷனின் தலைவலி, எல்லாமே அவளுக்குச் சந்தேகம்தான்.

மகளுக்கு டான்சில் ஆபரேஷன் ஆயிற்று. வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸம்மா படித்துப் படித்துச் சொன்னார், வலி வரட்டும் என்று காத்திருக்காமல் வேளை தவறாமல் மருந்து கொடுக்க வேண்டும், தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று. வலியே இல்லாதபோது எதற்கு மருந்து? மருந்துக் கடைக்காரரும் இவர்களும் கூட்டு என்று முடிவு கட்டினாள் செக்கிங் அக்கா.

முதலில் புருஷன் லீவு போட்டுப் பார்த்துக்கொண்டான், எல்லாம் ஒழுங்காக நடந்தது. அவன் லாரி ஏறிப் போனதும் பொறுப்பு இவள் கைக்கு வந்தது. குழந்தை டிவி பார்த்துச் சிரித்ததா, அந்த வேளை மருந்து கிடையாது. சிரிக்கிறவளுக்கு என்ன வலி?

மறுநாள் காலை குழந்தை காதைப் பிடித்துக்கொண்டு அழுதது. செக்கிங் அக்காவுக்குச் சட்டென்று பொறி தட்டியது.

"வெட்டினது தொண்டையில, வலிக்கிறது காதுலயா? யாருகிட்டடி கதை விடுற? ஸ்கூலுக்கு மட்டம் போடத்தானே?"

அதற்குப் பிறகு குழந்தை அழவில்லை. வலிக்கிறதா என்று கேட்டால், இல்லை என்று தலையாட்டியது. குட்டு உடைந்ததும் வலி பறந்துவிட்டது பார் என்று இவளுக்கு ஒரே பெருமை. வைத்த தண்ணீரும் வைக்க வைக்கக் காலியானது.

சாயங்காலம் ஜன்னலோரப் பூந்தொட்டியிலிருந்து தண்ணீர் வழிந்து தரையெல்லாம் ஓடியது. டம்ளரும் கையுமாக நின்ற மகளைப் பிடித்துத் திருப்பினாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது. காலையிலிருந்து ஒன்றுக்கும் போகவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பதறிப்போய் நர்ஸம்மாவுக்குப் போன் போட்டாள்.

"தொண்டை வலி காதுக்கும் போகும்மா. புண்ணுமேல இருக்கிற பொருக்கு உதிர்ற நேரம், முன்னைவிட ஜாஸ்தியாவே வலிக்கும். முதல்ல மருந்தைக் குடுங்க. வலி அடங்கினதும் கொஞ்சம் கொஞ்சமா குடிக்க வைங்க. அப்பவும் குடிக்கலைன்னாலோ, ரத்தம் வந்தாலோ, உடனே தூக்கிட்டு வாங்க."

குழந்தை சொன்ன ஒரே பொய், வலிக்கவில்லை என்பது. ஊரில் யாரையும் நம்பாதவள் அதை மட்டும் நம்பியிருக்கிறாள். பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டு மருந்தை அளந்து கொடுத்தாள். பிறகு பக்கத்திலேயே உட்கார்ந்து காத்திருந்தாள். வலி அடங்கியதும் மகள் ஒரு டம்ளர் தண்ணீரை மடக்கு மடக்காகக் குடித்து முடித்தாள்.

முடித்ததும், ஃபேக்டரி வாசலில் அந்தப் பெண்கள் கேட்காமலே டிபன் பாக்ஸைத் திறந்து காட்டுவதுபோல டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினாள். வாயையும் அகலத் திறந்தாள்.

"குடிச்சிட்டேன்மா. செக் பண்ணிக்கோ."

செக்கிங் அக்கா பார்க்காமலே டம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள். வேண்டாம் என்று சொல்வதற்குள் அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது.