மௌத்துக்கு என்ன அத்தாட்சி?

போன கிழமை பொத்துவிலுக்கு ஒரு ஜனாஸாவுக்குப் போனேன். இல்லை... போகப் புறப்பட்டேன் என்பதுதான் சரி.

கல்முனையில் எங்கள் அடுத்த வீட்டில் இருப்பவர் ராத்தா; அவருடைய வாப்பா பொத்துவிலில் காலையில் மௌத்தாகிவிட்டார். பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். எங்களிடம் மையித்தை, இறந்தவர் உடலை, நெடுநேரம் வைத்துக்கொண்டிருக்கும் வழக்கம் இல்லை. கபன் துணி சுற்றி முகத்தை மூடுவதற்குள் மகள் பார்த்துவிட வேண்டும். பிறகு ஆண்கள் தூக்கிக்கொண்டு மையவாடிக்குப் போய்விடுவார்கள்.

ராத்தாவின் கணவர் வேன் எடுத்தார். அவரை நான் மச்சான் என்றுதான் கூப்பிடுவேன். துணைக்கு நானும் ஏறினேன்.

வழியில் ஒரு சோதனைச் சாவடி. எங்களுக்கு முன்னால் சுற்றுலாக்காரர் வேன் ஒன்று, நெல் லொறி ஒன்று. இரண்டுக்கும் கையசைத்தார்கள். எங்களுக்குக் கை நின்றது. மச்சானுக்குத் தாடி, தொப்பி. ராத்தாவுக்கு அபாயா. வேறென்ன சந்தேகம் இருந்திருக்கும்?

பைகளைத் திறக்கச் சொன்னார்கள். ராத்தாவின் பையில் ஒரு வெள்ளைத் துணி. வாப்பாவுக்குக் கபனாகட்டும் என்று உம்றாவுக்கு மக்கா போனபோது அங்குள்ள ஸம்ஸம் தண்ணீரில் நனைத்துக் கொண்டுவந்தது. பொலிஸ்காரர் அதை உதறினார். தார் ரோட்டில் விரிந்து கிடந்தது. ராத்தா குனிந்து அதை எடுத்தார். மணலைத் தட்டிக்கொண்டிருந்தார்.

மச்சான் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் மரண வீடு என்று விளங்கப்படுத்தினார். பொலிஸ்காரர் சிங்களத்திலேயே கேட்டார்: “மௌத்துக்கு என்ன அத்தாட்சி?”

அத்தாட்சியா? இன்னும் அடக்கவே இல்லையே...

எங்கள் குடும்பத்தில் முதலில் சட்டம் படித்தவன் நான். இனம், மதம் பார்த்து எந்தப் பிரஜைக்கும் பாகுபாடு காட்டக்கூடாது என்கிற அரசியலமைப்பின் பன்னிரண்டாம் உறுப்புரையைப் பாடமாக்கிப் பரீட்சை எழுதியவன். எங்களை மட்டும் மறித்த காரணம் என்ன என்று மரியாதையாகத்தான் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. மூன்று பேரின் அடையாள அட்டையையும் வாங்கிக்கொண்டு, ‘செக்’ பண்ண வேண்டும் என்று உள்ளே போய்விட்டார்.

மச்சான் என் தோளில் கை வைத்தார். “தம்பி, சட்டத்தப் பொறகு கதைப்பம். மையித்து காத்துக்கிட்டிரிக்கி.”

சாவடிக்குப் பக்கத்தில் வெயிலில் நின்றோம். பொத்துவிலிலிருந்து ஃபோன் மேல் ஃபோன். கடைசி அழைப்பில் கபனிட்டாயிற்று என்றார்கள். கடையில் வாங்கிய துணியாம்.

அட்டைகள் வந்தன. ஒன்றுமில்லை, போகலாமாம்.

இதுதான் எனக்கு இன்னும் ஆறாத அதிர்ச்சி. அடிக்கவில்லை, ஏசவில்லை. நேரத்தை மட்டும் எடுத்தார்கள். அரசியலமைப்பு தாராளமானது... அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றம் போக ஒரு மாதம் தருகிறது. மையித்து தருவது அசர் வரைக்கும்தானே? ரோட்டில் நின்று உரிமை கேட்க நேரமுள்ளவனுக்குத்தான் உரிமை. அவசரமாகப் போகிறவனுக்கு?

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, மையவாடியிலிருந்து வந்தவர்கள் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த நாள் ராத்தாவிடம் போய், மனுப் போடுவோம், எல்லாம் நான் பார்க்கிறேன் என்றேன். முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஓம், போடு தம்பி. கேஸ்ல வென்டா, வாப்பாட முகத்தக் காட்டுவாங்களா?”

மனுவை எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். கோரும் நிவாரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது?