விடுமுறை இல்லாத பாட்டில்கள்

கல்லூரியில் சேர்ந்த முதல் வருடமே தாவரவியல் பேராசிரியர் என்னைத் தன் ஆய்வுக்கூடத்துக்குள் இழுத்துப் போட்டுவிட்டார். தேயிலைத் துளிரைக் கண்ணாடிப் பாட்டிலில் வளர்க்கும் வேலை. மாதா மாதம் ஒவ்வொரு துளிரையும் எடுத்துப் புது ஜெல்லியில் நட வேண்டும். ஒரு மாதம் தவறினால் மஞ்சளடித்துச் செத்துப்போகும். ஊட்டியிலேயே வெதுவெதுப்பான அறை அதுதான் என்று ஆரம்பத்தில் எனக்குப் பெருமை வேறு!

கோடை விடுமுறை வந்ததும் கூடப் படித்தவர்கள் கோயம்புத்தூர், பெங்களூரு என்று இன்டர்ன்ஷிப்புக்குக் கிளம்பினார்கள். நான் மட்டும் குன்னூர் எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து, டூரிஸ்ட் கார்கள் அடைத்துக்கொண்ட சாலையில், பஸ்ஸில் நசுங்கிப் போய்ப் பாட்டில் மாற்றினேன்.

"ஏம் புள்ள, பாட்டிலுக்கே வாக்கப்பட்டுட்டியா?" என்று அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த கோடைக்குப் பெங்களூருவில் ஒரு மருந்துக் கம்பெனி என்னைத் தேர்ந்தெடுத்தது. நன்றாகச் செய்தால் படிப்பு முடிந்ததும் அங்கேயே வேலை. மலையை விட்டு இறங்க எனக்கு வாய்த்த ஒரே வழி.

சாரிடம் போய் நின்றேன். "ரெண்டு மாசந்தானுங்க சார்."

"தாராளமா போம்மா. ஆனா இதையெல்லாம் யாரு பாத்துக்குவாங்க? ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்னு நிக்காத. ஒரே எடத்துல நின்னாத்தான் ஆராய்ச்சி. இன்னும் ஒரு வருஷம், உன் பேரோட கட்டுரை வந்துரும்."

தாராளமாகப் போ என்று சொல்லிக் கதவைச் சாத்துகிறவரிடம் என்ன சண்டை போடுவது? வர முடியாது என்று கம்பெனிக்கு எழுதிவிட்டு, கழிப்பறையில் போய் அழுதேன்.

கல்லூரி திறந்த அன்று சார் தன் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். தஞ்சாவூருக்கு டிரான்ஸ்பராம். முகமெல்லாம் சந்தோஷம். "வருஷா வருஷம் எழுதிக் கேட்டேம்மா, இப்பத்தான் கெடச்சுது. இந்தக் குளிரு எனக்கு ஆகவே இல்ல."

வருஷா வருஷம்! என்னை ஒரே இடத்தில் நிற்கச் சொன்ன வருடமும் கேட்டிருக்கிறார்.

"ஏனுங்க சார், அப்ப கட்டுரை?"

"புதுசா வர்றவங்ககிட்டக் கேளும்மா. அவங்களுக்குப் பாசி ஆராய்ச்சி. இத வெச்சுக்குவாங்களான்னு தெரியல." அறைச் சாவியை என் கையில் வைத்தார். "சாக விட்றாதம்மா."

எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்று வைதுகொண்டே கதவைத் திறந்தேன். மாற்ற வேண்டிய வாரம் அது. எல்லாத் துளிரும் பச்சைப்பசேலென்று நின்றன. பாழாய்ப்போனதுகள், ஒன்றாவது செத்திருக்கக் கூடாதா! கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தேன்.