தூக்கிய கை

கொருக்குப்பேட்டையில் கூட்ஸ் ரயில் பாதையை ஒட்டி என் பட்டறை. தொண்ணூறுகளின் கடைசியில் வடசென்னையில் பல இடங்களில் சிமெண்ட் சிலை வைத்தேன். உடம்புக்கு என்னிடம் ஒரே அச்சுதான்: வேட்டி கட்டி, வலது கையைத் தூக்கிய உடம்பு. முகத்தை மட்டும் களிமண்ணில் புதிதாகப் பிடிப்பேன். அந்த ஒரே உடம்பில் பத்துப் பேராவது நிற்கிறார்கள்.

திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் கிரேனுக்குக் கையால் சிக்னல் காட்டுபவர் ஒருவர், பெட்டி இறங்கி நசுங்கிச் செத்தார். சங்கம் அவருக்குச் சிலை கேட்டது. போட்டோவைப் பார்த்து முகம் செய்தேன்.

திறப்புக்கு மூன்று நாள் இருக்கும்போது சங்கத் தலைவர், இறந்தவரின் மனைவி தனத்தை அழைத்து வந்தார். தனம் வெகுநேரம் முகத்தையே பார்த்தார். “அவரேதான்” என்றார். பிறகு கையைப் பார்த்தார்.

“இன்னாண்ணா இது? அவருக்கு இந்தக் கை தோளுக்கு மேல போவாது. மூட்டை தூக்கிப் போன தோளு. தலை வாரி வுடுறதே நாந்தான். சிக்னலுக்கு வேற ஆளப் போடுன்னு சூப்பர்வைசராண்ட சொல்லிகினேதான் இருந்தாரு. கை தூக்க முடிஞ்சிருந்தா இன்னிக்கு வூட்ல இருந்திருப்பாரு.”

தலைவர் சிரித்தார். “கையத் தொங்க வுட்டா பஸ்ஸுக்கு நிக்கிற மாரி கீதும்மா. தூக்கினாத்தான் செல.”

தனம் என் பக்கம் திரும்பினார். “நீயாவது சொல்லுண்ணா. அவரு கை காட்டாம நின்னதாலதான் ஆச்சுன்னு கம்பெனில எழுதிட்டாங்க. இதப் பாத்தா, தூக்க முடிஞ்ச கையத்தான் தூக்காம நின்னாருன்னு ஊரே நம்பிடும்.”

கையை அறுத்து, கம்பியைக் கீழே வளைத்து, மறுபடி பூச இரண்டு நாள் போதும். அது எனக்குத் தெரியும், தலைவருக்குத் தெரியாது. நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. உப்புத்தாளை எடுத்து வேட்டி மடிப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். தனம் கிளம்பிப் போய்விட்டார்.

திறப்பன்று துணியை இழுத்ததும் தலைவர் மைக்கில், “கடைசி மூச்சு வரை தூக்கிய கை!” என்றார். என் முன்னால் நின்ற யார்டு ஆள் ஒருவன் பக்கத்து ஆளிடம், “பாரு மாமு, ஸ்டாப்பு இப்பதான் காட்டுறாரு” என்றான்.

தனம் அதைக் கேட்டார். மாலை போட ஏணி சாத்தியிருந்தார்கள். அவர் ஏறவில்லை. மாலையைப் பீடத்தின்மேல் வைத்துவிட்டுக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு நடந்தார்.

மறுநாள் அந்த அச்சைச் சம்மட்டியால் உடைத்தேன். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். போட்டோவில் முகம்தான் இருக்கும்; கை எப்படி இருந்தது என்று வீட்டில் கேளுங்கள். கேட்டதைத் துணி போர்த்துவதற்கு முன்பே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். நான் அச்சை உடைத்து என்ன பயன்? திருவொற்றியூரில் அந்தக் கை இன்னும் தூக்கியபடிதான் நிற்கிறது.