செல்விக்கு லீவு கொடுக்காத நானும் கண்டனூர்க் கூட்டமும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, காலையில் எழுந்ததும் முதல் வேலையாகச் செல்வியைச் சாகடித்தேன். நான் மூன்று வருடமாக எழுதிவரும் அறிவியல் புனைகதை நாவலின் நாயகி அவள். நிலாச் சுரங்கத்தில் இன்ஜினியர். காரைக்குடி லாட்ஜ் அறையில் (வாடகை 900 ரூபாய்) கடைசி அத்தியாயம் முடிந்தது. திங்கட்கிழமை பதிப்பகத்துக்கு அனுப்ப வேண்டும்.

நான் வந்தது கண்டனூரில் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டில் நடந்த வாசிப்புக் கூட்டத்துக்காக. விண்வெளிக் கதைகள் எழுதும் கறுப்பின அமெரிக்கப் பெண்மணி டெனீஸ் வருகிறார் என்று தோழி ஸ்டெல்லா அழைத்திருந்தாள். மானகிரிக்காரி, இயற்பியல் டீச்சர். காரைக்குடியிலிருந்து கண்டனூர் சுமார் எட்டு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு 200 ரூபாய்.

"கல்யாணத்துக்குப் போறீகளா?" என்றார் ஆட்டோக்காரர். அந்த வீட்டைக் கல்யாணத்துக்குத்தான் திறப்பார்களாம்.

"இல்லண்ணே, கதை படிக்கிற கூட்டம்."

"கதைக்கா அம்புட்டுப் பெரிய வீடு! சோறாவது போடுவாகளா?"

போட்டார்கள், நன்றாகவே.

ஒன்பதரைக்கு டெனீஸ் வந்தார். முந்தின நாள் வாங்கிய கண்டாங்கிச் சேலையில் தைத்த விண்கலக் கேப்டன் கோட்டு போட்டிருந்தார். அவர் படித்த கதையில் இரண்டு கறுப்பினப் பெண்கள், சனிக் கோளைத் தாண்டும்போது, தாயம் மாதிரி ஒரு விளையாட்டுக்காக மல்லுக்கட்டுகிறார்கள். யாரும் சாகவில்லை. வயிறு வலிக்கச் சிரித்தோம். "சுத்துற கலத்துல தாயக்கட்டை நேரா விழுகாதுல்ல?" என்று ஸ்டெல்லா ஆரம்பிக்க, இருவரும் தரையில் உட்கார்ந்து இருபது நிமிடம் கணக்குப் போட்டார்கள். இரண்டு குழந்தைகள் மாதிரி இருந்தது.

நான்தான் அசட்டுத்தனமாகக் கேட்டேன்: இவ்வளவு துன்பப்பட்ட மக்களைப் பற்றி இப்படி விளையாட்டாக எழுதலாமா?

டெனீஸின் பதிலை ஸ்டெல்லா தமிழில் சொன்னாள். "துன்பத்தையும் எழுதுறாகளாம். ஆனா சின்னதுல அவுக படிச்ச கதையில கறுப்பு ஆளு வந்தா, மொத ஆளாச் செத்துருமாம். எதிர்காலத்துல நமக்கு எடமே இல்லையான்னு இருக்குமாம். அதான் இவுக கதையில எல்லாரும் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிருவாக."

பிறகு என் நாவலைப் பற்றி ஸ்டெல்லா சொல்ல, டெனீஸ் என்னைப் பார்த்துக் கேட்டார். லீவு நாளில் உங்கள் செல்வி என்ன செய்வாள்?

நானூறு பக்கத்தில் அவளுக்கு ஒரு லீவு நாள்கூட இல்லை என்றேன்.

"அடிப்பாவி, லீவே குடுக்கலையா நீயி?" என்றாள் ஸ்டெல்லா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், முகம் சுட்டது. சோகம் இருந்தால்தான் கதைக்கு ஆழம் என்று இத்தனை நாள் நம்பியிருக்கிறேன். சோகத்தை என்னைவிட நன்றாக அறிந்தவர், அதையும் தாண்டி ஒரு சிரிப்பைக் கட்டியெழுப்பியிருக்கிறார்.

போக நினைப்பவர்களுக்கு: இந்த வீடுகள் பெரும்பாலும் பூட்டியே கிடக்கும், முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். திரும்ப டவுன் பஸ் போதும். பெண்களுக்குக் கட்டணம் இல்லை.

அந்த பஸ்ஸில்தான் முடிவெடுத்தேன். திங்கட்கிழமை எதையும் அனுப்பப் போவதில்லை. செல்வி சாகமாட்டாள். அவள் பிழைத்தது பதிப்பாளருக்கும் இன்னும் தெரியாது, ஸ்டெல்லாவுக்கும் இதைப் படித்தால்தான் தெரியும்.