தலைவலிக்கு அறுத்த சேவல்

அந்தமானில், ரங்கத்துக்குப் போகும் மண் ரோட்டில், கண்ணை முக்கால்வாசி மூடிக்கொண்டு நடந்துகொண்டிருந்தேன். வெயில் பட்டால் இரண்டு பொட்டிலும் உளி இறங்கியது. மரம் வெட்டும் முகாமிலிருந்து யாரிடமும் சொல்லாமல் கிளம்பியிருந்தேன். வலிகூடப் பெரிதில்லை. எனக்காக ஒரு சேவலை அறுத்தும் வலி போகவில்லை என்று சொல்ல முகமில்லை.

முகாமில் பால் கிடையாது. பெரிய டிரம்மில் லால் சாய், கடுந்தேநீர், நாள் முழுக்கக் கொதித்துக்கொண்டிருக்கும். எல்லோரையும்விட நான்தான் அதிகம் குடிப்பேன். ஒருநாள் திருநெல்வேலிக்காரச் சமையல்காரர் எல்லார் முன்னாலும் சொன்னார்.

"இவன அந்த டிரம்முக்குள்ளயே எறக்கி விட்டுருங்கலே. கரண்டியாவது மிச்சம்."

சிரித்தார்கள். எனக்கு ரோஷம். "இனிமே தொட்டா என்னைச் செருப்பால அடிங்க" என்றேன். அதன்பின் தொடவில்லை.

மறுநாள் ஒரு பெரிய படாக் மரம். முதல் வெட்டு விழுமுன் அடிமரத்தைத் தொட்டுக் கும்பிட்டு அரிசி தூவுவது எங்கள் கூட்டத்தின் வழக்கம். ராஞ்சியிலிருந்து வந்த கிழவர் ஒருவர் அதைச் செய்வார். அவர் வருவதற்குள் நான் கோடாலியை வீசிவிட்டேன். மத்தியானம் தலை வலிக்க ஆரம்பித்தது. சாயங்காலம் வாந்தி.

"பித்தம்டா" என்றார் ராமநாதபுரத்து மேஸ்திரி. "வாய்வு" என்றார் சமையல்காரர். கிழவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பேட் நாராஜ் ஹை" என்றார். மரம் கோபித்துக்கொண்டதாம். யாரும் சிரிக்கவில்லை. நானும் நம்பினேன்.

முகாமில் இருந்தது ஒரே சேவல். கிழவர் குஞ்சிலிருந்து வளர்த்தது. அது கூவித்தான் நாங்கள் எழுந்திருப்போம். அடுத்த நாள் அதை அந்த அடிமரத்தருகே கொண்டுபோனார். அறுக்கும்வரை அதன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். குழம்பு வாசனையில் எனக்கு மறுபடி வாந்தி வந்தது. குடிசைக்குள் படுத்து அழுதேன். கிழவர் வாசலில் வந்து நின்றார்.

"டீக் ஹுவா?"

சரியாகிவிட்டதா என்று கேட்கிறார். ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் முகம் மலர்ந்தது. அதைப் பார்த்த பிறகு அங்கே படுத்து முனகவும் வழியில்லை. விடிந்ததும் நடந்தேன்.

ரங்கத்தில் பஸ் நிற்கும் இடத்தில் தூத்துக்குடிப் பக்கத்து அம்மாள் ஒருத்தி டீக்கடை வைத்திருந்தாள். பெஞ்சில் சாய்ந்தேன்.

"ஏய்யா, மொகம் என்ன செத்த மீனு மாதிரி இருக்கு? குடிச்சிருக்கியா?"

"தலவலிதான்க்கா."

"இந்தா, மொதல்ல இதக் குடி."

செருப்பால் அடிக்க அங்கே யாருமில்லை. குடித்தேன். இன்னொன்றும் கேட்டுக் குடித்தேன். அடுத்த பஸ் வருவதற்குள் உளி கழன்றுவிட்டது. கண்ணை முழுதாகத் திறந்தேன். சந்தோஷம் வரவில்லை. சேவல்தான் நினைவுக்கு வந்தது.

பல வருஷம் கழித்து ஒரு டாக்டரிடம் கேட்டேன். மூளைக்கு வலியே தெரியாதாம். அதைச் சுற்றியுள்ள சவ்வும் ரத்தக் குழாய்களும், தலை கழுத்துத் தசைகளும்தான் வலிக்குமாம். தேயிலை அந்தக் குழாய்களைச் சுருக்கி வைக்கும். பழகியவன் திடீரென்று நிறுத்தினால் அவை விரிந்து தெறிக்கும் என்றார். படாக் மரத்துக்கு இதில் பங்கே இல்லை.

அன்று ரங்கத்தில் அந்தக் கடை பெஞ்சிலேயே தூங்கிவிட்டேன். மறுநாள் காலையில், முகாம் லாரியிலிருந்து மேஸ்திரி இறங்கினார்.

"சொல்லாம கொள்ளாம ஓடியாந்துட்டியேடா! சேவலக் குடுத்தேன், தலவலி போயிருச்சுன்னு கெழவரு எல்லார்ட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியிறாரு."

"டீய விட்டதாலதாண்ணே வலிச்சிருக்கு. நேத்து இங்க குடிச்சதும் போயிருச்சு."

சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் என்னையே பார்த்தார்.

"இத அங்க வந்து சொல்லிராத. சேவல் கூவாம இன்னக்கி எல்லாருக்கும் வேலைக்கு லேட்டு. அந்த மனுசன் என்னங்கிறாரு தெரியுமா? போனாப் போகுது, பய பொழச்சுட்டான்ங்கிறாரு."

லாரி ஹாரன் அடித்தது. "ஏறு" என்றார்.

ஏறினால் தினமும் கிழவரின் முகத்தைப் பார்க்க வேண்டும். அவர் கேட்கிறபோதெல்லாம் தலையாட்ட வேண்டும்.

"நீங்க போங்கண்ணே."

லாரி போன பிறகு, "அப்ப என்ன செய்யப் போறய்யா?" என்று அந்த அம்மாள் கேட்டாள். அடுப்புக்குப் பின்னால் ஒரு வாளி நிறைய எச்சில் கிளாஸ்கள் கிடந்தன. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வாளிக்குப் பக்கத்தில் குந்தினேன்.