மருந்தடிக்காத முந்திரிகை

என் மாமாவுக்குத் தோற்கத் தெரியாது. கடதாசி விளையாட்டில் தோற்கப்போகிறார் என்றால் அட்டைகளைக் குழப்பிவிட்டு எழும்பிவிடுவார். வாய்ச்சண்டையில் தோற்கப்போகிறார் என்றால் குரலை உயர்த்துவார். ஆனால் முந்திரிகை என்று வந்தால் குரலை உயர்த்தவேண்டிய தேவையே அவருக்கு இருந்ததில்லை. திராட்சையை யாழ்ப்பாணத்தில் நாங்கள் அப்படித்தான் சொல்வோம். மாமா அங்கே பந்தல் போட்டு, முந்திரிகை வளர்த்து, சந்தைக்கு அனுப்பிப் பிழைத்தவர்.

எண்பதுகளின் நடுப்பகுதியில் நாங்கள் சுவிஸில், பிரெஞ்சு பேசும் பக்கத்தில், பிரான்ஸ் எல்லைக்குக் கிட்டிய ஒரு சிறு பட்டினத்தில் இருந்தோம். அப்பாவும் அம்மாவின் தம்பியான இந்த மாமாவும் ஒரே உணவகத்தில் கோப்பை கழுவினார்கள். அதன் மேல்மாடியில் இரண்டு அறைகளை முதலாளி எங்களுக்குத் தந்திருந்தார். வேலையும் அவருடையது, படுக்க இடமும் அவருடையது. எங்களுடைய அகதி வழக்கு இழுபட்டுக்கொண்டே கிடந்தது. இவர்கள் நல்ல ஆட்கள், இங்கேயே இருக்கட்டும் என்று அதிகாரிகளிடம் போய்ப் பேசுகிறவரும் அவர்தான். வழக்கு முடியும்வரை நாட்டுக்கு வெளியே ஓர் அடியும் வைக்கக்கூடாது. எட்டு வயதான எனக்கே அது மனப்பாடம்.

முதலாளியின் மனைவியுடைய உறவினர் பிரான்சில் சிறு தோட்டம் ஒன்று வைத்து, குடும்பமாகச் சிவப்பு வைன் செய்தார்கள். இயற்கை முறையில், மருந்து எதுவும் அடிக்காமல் வளர்த்த பழத்தில் செய்தது. அந்தக் காலத்தில் அது கேள்விப்படாத புதினம். “இதில் ஒரு துளி நஞ்சும் இல்லை” என்று வருகிறவர்களுக்கெல்லாம் முதலாளி சொல்வார். ஒருநாள் பின்னேரம் சமையலறைக்குள் வந்து மாமாவுக்கும் சொன்னார். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு பழகிவிட்டதால் எங்கள் வீட்டு மொழிபெயர்ப்பாளர் நான்தான்.

மாமா சிரித்தேவிட்டார். “மருந்தடியாத முந்திரிகையோ? ஆருக்குக் கதை விடுறார்? ஒரு மழை பெய்ஞ்சால் காணும், பூஞ்சணம் பிடிச்சு இலையெல்லாம் சுருண்டுபோம். சொல்லு பிள்ளை அவருக்கு.”

நான் சொன்னேன். முதலாளியின் முகம் சிவந்துபோனது. அன்று தொடங்கிய வாதம் நாட்கணக்கில் நீண்டது. சமையற்காரர் ஒரு பக்கம் சேர்ந்தார், பரிமாறும் பெண் மறுபக்கம் சேர்ந்தாள். எனக்கு ஒரே கொண்டாட்டம். கடைசியில் முதலாளி, ஞாயிற்றுக்கிழமை தன்னோடு வந்து தோட்டத்தைக் கண்ணால் பார்க்கும்படி மாமாவைக் கூப்பிட்டார்.

“உனக்கென்ன விசரே? பிடிச்சாங்களெண்டால் என்ன செய்வாய்?” என்று அம்மா கத்தினார்.

நான் அதைப் பிரெஞ்சில் சொன்னதும் முதலாளி என்னைப் பார்த்துச் சிரித்தபடி பதில் சொன்னார். ஞாயிறுகளில் எல்லையில் யாரும் மறிப்பதில்லை, அவருடைய காரை அவர்களுக்கு நன்றாகத் தெரியும், பயப்பட ஒன்றுமில்லை. ஒரு சொல் விடாமல் நான் தமிழில் சொன்னேன். அப்பா முதலாளியின் முகத்தைப் பார்த்தார். அவரை நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லும் நிலையில் அப்பா இல்லை.

“போயிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திடுவன் அக்கா” என்று சொல்லிவிட்டு, மாமா தன்னிடமிருந்த ஒரே நல்ல சேர்ட்டைப் போட்டுக்கொண்டு காரில் ஏறினார்.

முதலாளி பொழுதுபடும்போதுதான் வந்தார், தனியாக. வரி கட்டாமல் கொண்டுவருவதற்காக வைன் பெட்டிகளைப் போர்வையால் மூடிவைத்திருந்தாராம். திரும்பும்போது எல்லையில் சுவிஸ் சுங்க அதிகாரி போர்வையைத் தூக்கியிருக்கிறார். பெட்டிகளைக் கண்டதும் இருவருடைய பத்திரங்களையும் கேட்டிருக்கிறார். முதலாளி தண்டம் கட்டினார். பெட்டிகளை உள்ளே விட்டார்கள். மாமாவைத் திருப்பி பிரெஞ்சுப் பொலிஸிடம் கொடுத்துவிட்டார்கள். வைனைத் தண்டம் கட்டி மீட்கலாம் என்று சட்டத்தில் இருந்தது, மாமாவை மீட்க அப்படி ஒரு வழி இருக்கவில்லை.

சில நாள் கழித்து, அடைத்துவைத்திருந்த இடத்திலிருந்து மாமா தொலைபேசியில் பேசினார். அம்மா அழுது முடியும்வரை பொறுத்திருந்து, என்னைக் கூப்பிடச் சொன்னார்.

“அந்தாள் சொன்னது மெய்தான் பிள்ளை. வரிசை வரிசையாப் போய்ப் பாத்தன். ஓரிலையிலையும் பூஞ்சணம் இல்லை. கீழை முளைச்ச புல்லைக்கூடப் பிடுங்காமல் விட்டிருக்கினம்.”

மாமா தோல்வியை ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. நான் படியால் ஓடிப்போய் முதலாளியிடம் அதைச் சொன்னேன். வென்றவர் சிரிப்பார் என்று பார்த்தேன், அவர் சிரிக்கவில்லை.

பிறகு மாமாவைக் கொழும்புக்கு விமானம் ஏற்றிவிட்டார்கள். கூட்டிவரப் போன உறவுக்காரர் விமான நிலையத்தில் பொழுதுபடும்வரை நின்றுவிட்டுத் தனியே திரும்பினார். இறங்கிய மாமாவை யாரோ கொண்டுபோனார்கள் என்றார்கள். இன்றுவரை அவரைக் கண்டதாக ஒருவரும் சொல்லவில்லை. இலையில் பூஞ்சணம் உண்டா இல்லையா என்று பார்க்கப் போய் ஒரு மனிதன் இல்லாமல் போனான்.

அந்தச் செய்தி வந்து சில நாளில் முதலாளி எங்கள் அறைக்கு ஏறி வந்தார். கையில் வைன் போத்தல், அந்தப் பெட்டிகளில் ஒன்றிலிருந்து எடுத்தது. அவருடைய கண்கள் கலங்கித்தான் இருந்தன. தன்னிடமிருந்ததில் ஆகச் சிறந்ததைத்தான் அவர் கொண்டுவந்தார், அதை நான் மறுக்கமாட்டேன். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். எங்கள் தேநீர்க் கிளாசில் முதலாளி ஊற்றினார். மாமாவுக்காகக் குடிப்போம் என்றார். எங்களைப் பற்றிப் பேச அடுத்த கிழமை அதிகாரிகளிடம் போவதாகவும் சொன்னார். இரண்டையும் நான் சொன்னேன்.

அப்பா அதுவரை பியர்கூடத் தொட்டதில்லை. கிளாசை எடுத்து, மருந்து குடிப்பதுபோல ஒரே மூச்சில் குடித்தார். எப்படி இருக்கிறது என்று முதலாளி கேட்டார்.

“நல்லாயிருக்காம் எண்டு சொல்லு.”

சொன்னேன்.

“வடிவாச் சொல்லு பிள்ளை. மெத்த நல்லாயிருக்காம் எண்டு சொல்லு.”

அதையும் சொன்னேன். முதலாளி அப்பாவின் தோளைத் தட்டிவிட்டு இன்னும் கொஞ்சம் ஊற்றினார். அப்பா அதையும் குடித்தார்.

அவர் இறங்கிப் போனதும் அப்பா ஓடிப்போய்த் கழுவுதொட்டியைப் பிடித்துக்கொண்டு குடித்ததையெல்லாம் சத்தியெடுத்தார். அம்மா அவருடைய முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

“அதிலை ஒரு துளி நஞ்சும் இல்லையெண்டுதானே முதலாளி சொன்னவர், அம்மா?” என்று கேட்டேன். “பிறகேன் அப்பாவுக்கு ஒத்துவரேல்லை?”

அம்மா குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டார். அப்பாவுக்கு வைன் குடித்துப் பழக்கமில்லை, அதுதான் காரணம் என்று நானே முடிவுசெய்துகொண்டு படுக்கப் போனேன்.